மனநோய் உள்ளவருக்கு உடல் வலித்தால்: வாசகர் கேள்வி – பதில்

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடும் மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பல வருடமாகச் சிகிச்சை எடுப்பவர்களின் உடல் வலி பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். மனநல மருத்துவரும் வலி சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. மருந்துகளின் அளவைக் குறிப்பிட்டிருப்பது உங்கள் மருத்துவரிடம் தெளிவாகப் பேசுவதற்காக. நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

என் தம்பிக்கு 36 வயது. பத்து வருடத்துக்கு மேலாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஆறு மாதமாக, ‘இடுப்புக்குள்ள கம்பியை விட்டுச் சூடு வைக்கிறாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். போன இடமெல்லாம், ‘அது வியாதியில பேசுறது, மாத்திரையைக் கூட்டுங்க’ என்று அனுப்பிவிடுகிறார்கள். நிஜமாகவே வலிக்கிறதா, பிரமையா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ‘கம்பியை விடுகிறார்கள்’ என்பது உங்கள் தம்பி தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் காரணம். ‘சுடுகிறது’ என்பது அவர் படும் பாடு. காரணம் நோயால் திரிந்திருக்கலாம். அதற்காக எலும்பிலும் எலும்புகளுக்கு இடையிலான வட்டிலும் நரம்பிலும் ஒன்றுமில்லை என்று சோதிக்காமலே சொல்லிவிட முடியாது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்றால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதியது. வாயால் சொல்ல முடியாதவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் அதில் இருக்கிறது.

யார் கம்பியை விடுகிறார்கள் என்ற வாதத்துக்குள் போகாதீர்கள். ‘எந்த இடத்துல சுடுது, ஒரு விரலால தொட்டுக் காட்டு’ என்று கேளுங்கள். அங்கேயே நிற்கிறதா, தொடை வழியாகக் காலுக்கு இறங்குகிறதா? குனிந்தால், இருமினால், வெகுநேரம் உட்கார்ந்தால் கூடுகிறதா? படுத்தால் குறைகிறதா, நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறதா? கால் மரத்துப்போகிறதா? ‘பத்துக்கு எத்தனை மார்க் வலி’ என்ற கேள்வி மனச்சிதைவு உள்ள பலருக்குக் கைகொடுக்காது. ‘நேத்தைவிட இன்னிக்குக் கூடவா, கொறச்சலா’ என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

கண்ணால் பார்த்தும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிறாரா, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறாரா, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டாரா, குளிப்பதைத் தள்ளிப்போடுகிறாரா என்று ஒரு வாரம் கவனித்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் குரல்கள் கேட்பதும் சந்தேகமும் கூடும். அந்த நேரத்தில் மனநோய் மாத்திரையை மட்டும் கூட்டினால் ஆள் மந்தமாகிப் படுத்துவிடுவார். இடுப்பு இன்னும் இறுகும்.

மருத்துவர் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தட்டிப் பார்ப்பது, மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது, பாதத்தின் பலத்தையும் உணர்ச்சியையும் பார்ப்பது, ஒரு எக்ஸ்ரே, ரத்தத்தில் இஎஸ்ஆர், சர்க்கரை, கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் பி12. சாயங்காலக் காய்ச்சலும் எடை இழப்பும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் நினைக்க வேண்டும். ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், அமிசல்பிரைடு போன்ற மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டும். அது பல வருடம் கூடியே இருந்தால் பாலியல் ஹார்மோன் குறைந்து எலும்பு மெலியும். முதுகெலும்பு தானாகவே நசுங்கி உடையக்கூடும். உங்கள் தம்பி இவற்றில் ஏதாவது எடுக்கிறார் என்றால் புரோலாக்டின் அளவையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர் போக முடியவில்லை, ஆசனவாயைச் சுற்றி மரத்துவிட்டது, கால் துவண்டுபோகிறது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே எம்ஆர்ஐ எடுப்பதை மறுநாளைக்குத் தள்ளக் கூடாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்களில் சிலர் வலியைக் குறைவாகவே வெளிப்படுத்துவதை நூறு வருடத்துக்கு முன்பே கிரெப்லின், ப்ளாய்லர் என்ற மனநல மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். குடல்வால் உடைந்த பிறகும் சாதாரணமாக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. மாரடைப்பிலும் நெஞ்சு வலி என்று சொல்லாதவர்கள் உண்டு. இப்படிப்பட்டவரே வாய் திறந்து வலிக்கிறது என்றால் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே அக்கறை காட்ட வேண்டும்.

என் கணவருக்கு 52 வயது. தறி ஓட்டுகிறார். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் 300 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று, பல வருடமாக. தோள்பட்டை வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் பத்து நாள் சாப்பிட்டார். கை நடுங்க ஆரம்பித்து, வாந்தி, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம். மருத்துவமனையில், ‘லித்தியம் ஏறிவிட்டது’ என்றார்கள். மாத்திரையை அவர் கூட்டவே இல்லையே, எப்படி ஏறியது?
– வாசகி, குமாரபாளையம்

தோள்பட்டை மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தைக் கிட்டத்தட்ட உப்பைப் போலவே கையாளுகிறது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஏசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், எடோரிகாக்ஸிப் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஓடும் ரத்தத்தைக் குறைத்து, உப்பைப் பிடித்துவைக்கச் செய்கின்றன. உப்போடு லித்தியமும் தங்கிவிடுகிறது. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அளவு ஏறும். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் லித்தியத்தோடு சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குப் பொருந்தாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கடையில் ‘கை கால் வலிக்கு’ என்று கேட்டால் கைக்கு வரும் அட்டையில் ஏசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்திருப்பது இங்கே மிகச் சாதாரணம். ‘பாராசிட்டமால்தான் சார்’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ‘பாராசிட்டமால்’ என்ற ஒரே பெயர் மட்டும் இருந்தால் அது சரி. கூடவே இன்னொரு பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

லித்தியம் எடுப்பவருக்கு முதல் வலி மாத்திரை வெறும் பாராசிட்டமால்தான். ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., வேளைக்கு வேளை ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் கூடாது. மெலிந்தவர், தினம் குடிப்பவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் 2 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோளுக்கு வெந்நீர் ஒத்தடமும் பயிற்சியும் மாத்திரையைவிட நீண்ட நாள் பலன் தரும். பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் உடலுக்குள் போகும் அளவு குறைவு. இருந்தாலும் தோள், முதுகு, முழங்கால் என்று உடம்பெல்லாம் பூசிக்கொள்ளக் கூடாது, மருத்துவரிடம் சொல்லாமலும் பூசக் கூடாது.

வேறு வழியில்லாமல் ஏசெக்ளோஃபெனாக் வகை தேவைப்பட்டால், மனநல மருத்துவர் லித்தியம் அளவைக் குறைத்துவிட்டு, ஐந்து முதல் ஏழு நாளில் ரத்தத்தில் பார்ப்பார். வலி மாத்திரையை நிறுத்தும்போதும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் லித்தியம் இறங்கி, மனநிலை கிளம்பிவிடும். ரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரத்தில்: இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால். வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை இருக்கும்படி வைப்பார்கள், 1.5க்கு மேல் போனால் ஆபத்து. ஆய்வகத்தில் ஒரு பிழை நடப்பதுண்டு. ரத்தம் உறையாமலிருக்க ‘லித்தியம் ஹெப்பாரின்’ தடவிய குழாயில் ரத்தம் பிடித்தால், குழாயிலிருக்கும் லித்தியமும் கணக்கில் சேர்ந்து அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். எந்த அறிகுறியும் இல்லாமல் அளவு மட்டும் எகிறியிருந்தால் வேறு குழாயில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

தறிக்கூடத்தின் வெக்கையில் வியர்த்துக் கொட்டும் வேலை அவருடையது. தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். ரத்த அழுத்தம் என்று யாராவது சொன்னதைக் கேட்டுத் திடீரென உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறக் கூடாது. உடலில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் உப்போடு லித்தியத்தையும் பிடித்துவைக்கும், அளவு ஏறும். எனலாப்ரில், லொசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றக்கூடியவை. வாந்தி, பேதி, கை பலமாக நடுங்குவது, குழறல், தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். ‘சூடு பிடிச்சிருக்கு, மோர் குடி’ என்று ஒரு ராத்திரியைக் கடத்தினால் சிறுநீரகமும் மூளையும் நிரந்தரமாகக் கெடக்கூடும்.

பெயர் இல்லாத மூட்டுவலிப் பொடி, உருண்டைகளையும் தவிர்த்துவிடுங்கள். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் இதே வலி மருந்துகளும் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு, இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மிகையெழுச்சியை (அதீத உற்சாக நிலையை) கிளப்பிவிடும்.

ஊசி போட்ட பிறகு என் மகளுக்குக் கால் குடைச்சல். ராத்திரி முழுக்க நடக்கிறாள். பி12 ஊசியும் கால்சியமும் கொடுத்தார்கள், பலன் இல்லை.
– வாசகர், விருதுநகர்

என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் ஒருமுறை போடும் மனநோய் ஊசி என்று எடுத்துக்கொள்கிறோம்.

‘குடைச்சல்’ என்று நம் மக்கள் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம். சிகிச்சையும் மூன்று விதம். முதலாவது, மனநோய் மருந்தால் வரும் தவிப்பு. மருத்துவத்தில் அகதீசியா என்பார்கள். மருந்தைத் தொடங்கிய அல்லது கூட்டிய சில நாள், சில வாரத்தில் வரும். பகலிலும் இருக்கும். உட்காரவே முடியாது, உட்கார்ந்தாலும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். வலி என்பதைவிட, ‘உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது, இருக்க முடியல’ என்பதே அவர்கள் சொல்லும் பேச்சு. இரண்டாவது, ஓய்வில்லாக் கால் நோய். இது சாயங்காலமும் படுத்த பிறகும்தான் வரும். எழுந்து நடந்தால் அடங்கும். மூன்றாவது, நரம்புத் தேய்வு. இரண்டு பாதத்திலும் எரிச்சலும் மரத்தலும் தொடங்கி மேலே ஏறும். நடந்தாலும் குறையாது.

உங்கள் மகளுக்கு ஊசிக்குப் பிறகு தொடங்கியிருப்பதால் முதலாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பகலிலும் இந்தத் தவிப்பு இருக்கிறதா என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பது அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவதுதான் சரியான வழி. கூடவே புரோப்ரனலால் 10 மி.கி. இருவேளை என்று தொடங்குவது வழக்கம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது கூடாது. இதைப் பதற்றம் கூடிவிட்டது, நோய் கிளம்பிவிட்டது என்று தவறாக நினைத்து அதே ஊசியின் அளவைக் கூட்டினால் தவிப்பு இரட்டிப்பாகும். தாங்க முடியாத அகதீசியாவில் தற்கொலை எண்ணம் வரக்கூடும். அடுத்த ஊசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

ஓய்வில்லாக் கால் என்றால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். 75க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், மாதவிடாய் அதிகம் போகும் பெண்களுக்குக் குறிப்பாக. நரம்புத் தேய்வுக்குச் சர்க்கரையும் பி12உம் பார்க்க வேண்டும். ஒலன்சபின், க்ளோசபின் ஆகிய மனநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. அதற்கு மெட்ஃபார்மின் எடுத்தால் வருடங்கள் போகப் போக பி12 குறைகிறது.

கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, தாடை இழுத்து, கண் மேலே செருகினால் அது தசை இறுக்கம். வலி பயங்கரமாக இருக்கும். புரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விடும். அதுவே காய்ச்சலோடு உடம்பெல்லாம் மரக்கட்டையாக விறைத்து, சுயநினைவு தடுமாறினால் உயிருக்கு ஆபத்து. மனநோய் மருந்தை அந்த வேளையே நிறுத்தி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

க்ளோசபின் எடுக்கும் என் அண்ணன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கேஸ் மாத்திரை போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

போதாது. கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று இன்றே கேளுங்கள், முடிந்தால் நீங்களே கவனியுங்கள். க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. மூன்று நாளாகப் போகவில்லை, வயிறு உப்பி வலிக்கிறது, வாந்தி எடுக்கிறார் என்றால் குடல் நின்றுபோகத் தொடங்கியிருக்கலாம். க்ளோசபினால் வரும் மரணங்களில் இதுவும் ஒரு முக்கியக் காரணம். க்ளோசபினால் குறையக்கூடிய ரத்த வெள்ளணுக்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கும் பல இடங்களில் மலச்சிக்கலைக் கேட்பதே இல்லை என்பது எங்களுக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வயிற்றுவலிக்கு டைசைக்ளோமின் மாத்திரையோ ஹையோசின் ஊசியோ போடுவது இங்கே வழக்கம். க்ளோசபின் எடுப்பவருக்கு அவை இரண்டும் குடலை இன்னும் கட்டிப்போடும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். க்ளோசபின் தொடங்கும் நாளிலேயே லாக்டுலோஸ் அல்லது பிசகோடில் போன்ற மலமிளக்கியையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இசப்கோல் உமியை மட்டும் நம்ப வேண்டாம். அசையாத குடலில் அது அடைத்துக்கொள்ளும்.

இதே மருந்தைத் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால் இதயத் தசை அழற்சியா என்று பார்க்க இசிஜியும், ட்ரோபோனின், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகளும் எடுக்க வேண்டும். தொண்டை வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்குத் தரும் வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும் வலி வந்தால் கணைய அழற்சியை நினைத்து ரத்தத்தில் லிபேஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடுகிறார். இரண்டு வருடமாக உச்சி முதல் உள்ளங்கால் வரை வலி. ஸ்கேன் எல்லாம் நார்மல். ‘மனசுதான் காரணம், உடம்புக்கு ஒண்ணுமில்ல’ என்கிறார்கள். ‘அப்ப நான் நடிக்கிறேனா’ என்று அம்மா அழுகிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

அம்மா நடிக்கவில்லை. இதை முதலில் நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

மனச்சோர்வும் வலியும் மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரே வேதிப்பொருள்களை, குறிப்பாக செரடோனினையும் நார் அட்ரினலினையும், பங்கு போட்டுக்கொள்கின்றன. மேலிருந்து கீழே வந்து வலியைத் தணிக்க வேண்டிய பாதை சோர்ந்துவிட்டால், சாதாரணத் தொடுதலும் அழுத்தமும்கூட வலியாக உணரப்படும். அந்தக் கோளாறு ஸ்கேனில் தெரியாது. உடம்பு முழுக்க வலி, தூங்கியும் தீராத அசதி, மறதி எல்லாம் சேர்ந்திருந்தால் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 18 இடங்களை அழுத்தி 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்ற 1990ஆம் வருட விதி 2010லேயே தளர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே ‘அழுத்தினால் வலிக்கவில்லை, அதனால் இல்லை’ என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதற்கு முன் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, இஎஸ்ஆர் பார்த்தாகிவிட்டதா என்று பாருங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுக்கிறார் என்றால், தசை பாதிப்பைக் காட்டும் சிகே அளவும் வேண்டும். அந்த மாத்திரையே தசை வலி தரும்.

எஸ்சிட்டலோப்ராம் மனச்சோர்வுக்கு நல்ல மருந்து, வலிக்கு அவ்வளவாக உதவாது. அதை மெல்லக் குறைத்துவிட்டு, மனச்சோர்வுக்கும் வலிக்கும் உதவும் டுலாக்ஸெட்டினுக்கு மாற்றுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தரக் கூடாது. தொடக்கம் 30 மி.கி., ஒன்றிரண்டு வாரம் கழித்து 60. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டுகிறது என்று விட்டுவிடுபவர்களே அதிகம். ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்துகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் தலைசுற்றல், குழப்பம் வந்தால் அதையும் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்தோடு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வாய்ப்புக் கூடும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் காத்திருக்காமல் போங்கள்.

ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. அம்மாவுக்கு வாழ்க்கையில் எப்போதாவது, தூக்கமே இல்லாமல் பல நாள் அதீத உற்சாகமும் பேச்சும் செலவும் இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது? இருந்திருந்தால் இது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அப்போது டுலாக்ஸெட்டினும் அமிட்ரிப்டிலினும் மனநிலையை மறுகோடிக்குத் தள்ளிவிடக்கூடும். எலும்பு மருத்துவர் நரம்பு வலிக்கென்று எழுதும் 10 மி.கி. அமிட்ரிப்டிலினும் மனநல மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை உங்கள் மனநல மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தீராத வலியும் மனச்சோர்வும் சேர்ந்த வீட்டில் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். அமிட்ரிப்டிலினும் பாராசிட்டமாலும் மொத்தமாக விழுங்கினால் உயிரைப் பறிப்பவை. ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெளியே வைத்து மற்றதைப் பூட்டி வையுங்கள். ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்ற பேச்சு வந்தால் அதைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

ட்ரமடால் பாதுகாப்பானதா?
– வாசகர், ஆவடி

ட்ரமடால் அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. மனநோய் மருந்து எடுப்பவருக்குப் பல நேரம் அது பாதுகாப்பில்லை. ஃப்ளூயோக்ஸெட்டின், செர்ட்ரலின், டுலாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு என்று செரடோனின் மிகையாகும். வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். க்ளோசபினோடு சேர்ந்தால் இன்னும் கூடும். ஃப்ளூயோக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் கல்லீரலில் ட்ரமடால் வலி மருந்தாக மாறுவதையே தடுத்துவிடுகின்றன. ஆக ஆபத்து மிஞ்சும், பலன் கிடைக்காது. பழக்கமாகவும் மாறிவிடும். செரடோனின், வலிப்பு, பழக்கம் பற்றிய எச்சரிக்கை அதே வகை மருந்தான டாபென்டடாலுக்கும் உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரெகாபலினையோ கேபாபென்டினையோ இவற்றோடு இரவில் சேர்த்துப் போட்டால் மூச்சு மந்தமாகும்.

சுடு தண்ணீர்ப் பை வைத்து அப்பாவின் முதுகில் கொப்புளம் வந்துவிட்டது. அவர் சுடுகிறது என்றே சொல்லவில்லை.
– வாசகி, மதுரை

மந்தமாக்கும் மருந்து, குறைந்த வலி உணர்வு, சர்க்கரையால் மரத்த தோல் மூன்றும் இதற்குக் காரணமாகலாம். பையைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, முதலில் உங்கள் முழங்கையின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். 15 நிமிடம் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் தோலின் நிறத்தைப் பாருங்கள். இரவு மாத்திரை போட்ட பிறகு வைக்கவே வேண்டாம்.

மனச்சிதைவு உள்ள மகனுக்கு முழங்கால் வலி. எடை 94 கிலோ. பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள், செய்ய மாட்டேன் என்கிறான். சோம்பேறித்தனத்துக்கு என்ன மருந்து?
– வாசகர், கடலூர்

சோம்பேறித்தனம் என்ற சொல்லை அவர் காதுபட மறுபடி சொல்லாதீர்கள். தானாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல் குறைந்துபோவது மனச்சிதைவின் அறிகுறிகளில் ஒன்று. எடையில் பெரும்பங்கு மருந்தால் வந்திருக்கலாம். வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா, மெட்ஃபார்மின் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு தாள் நிறையப் பயிற்சி எழுதிக் கொடுத்தால் அவர் எதையும் செய்ய மாட்டார். ஒன்றே ஒன்று போதும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்து இறக்குவது. ஒரு காலுக்குப் பத்து முறை. இரண்டு வாரம் இதுமட்டும். பிறகு நடை. வலி கூடும் நாளில் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் எட்டில் தொடங்குங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். நல்லா இருக்கிற நாளில் ஒரே மூச்சாக அரை மணி நேரம் நடக்கவிட்டால் அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவார், அதோடு பயிற்சியும் நிற்கும். இரவு மாத்திரையின் மயக்கம் காலையில் தெளிந்திருக்காது, ஆகவே பதினொரு மணி அல்லது சாயங்காலம் நான்கரை என்று நேரம் குறியுங்கள். ‘போய் நட’ என்று அனுப்பாமல் கூடவே நடங்கள். டீக்கடை, கோயில் என்று போய்ச்சேர ஓரிடம் இருந்தால் நல்லது.

வெளியே வரவே மறுத்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு என் மனைவிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மனநோய் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தக் கூடாது. லித்தியத்தைப் பெரிய அறுவை சிகிச்சைக்கு 24 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். பிறகு சிறுநீரகமும் உப்புகளும் சரியாக இருப்பதைப் பார்த்துத் தொடங்குவார்கள். க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் ஆரம்பிக்கவே கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ரத்த அழுத்தம் விழும். புகைப்பவர் மருத்துவமனையில் சட்டென நிறுத்தினால் க்ளோசபின், ஒலன்சபின் அளவு ரத்தத்தில் ஏறும் என்பதையும் மயக்க மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகு வலி மருந்தை, ‘கேட்டால் கொடுக்கலாம்’ என்று எழுதாமல், மணிக்கணக்குப்படி தவறாமல் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்கத் தெரியாமல் சும்மா படுத்திருப்பவர்கள் உண்டு.

மனநோய் என்று தெரிந்ததுமே பொது மருத்துவர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. மறைத்துவிடலாமா?
– வாசகி, விழுப்புரம்

மறைத்தால் லித்தியத்தோடு டைக்ளோஃபெனாக் எழுதிவிடுவார்கள். மறைக்காதீர்கள், சொல்லும் வரிசையை மாற்றுங்கள். ‘டாக்டர், இவருக்கு நாலு மாசமா வலது இடுப்புல வலி, உட்கார்ந்தா கூடுது, காலுக்கு இறங்குது’ என்று வலியை முதலில் சொல்லுங்கள். அவர் படுக்கவைத்துப் பார்த்த பிறகு மருந்துத் தாளை நீட்டுங்கள். சோதிக்காமலே ‘மனசுதான்’ என்றால், ‘எதையெல்லாம் பார்த்து இல்லைன்னு சொல்றீங்க டாக்டர், சீட்டுல எழுதிக் கொடுங்க’ என்று பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றதுமே பலர் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எல்லா மருத்துவச் சேவையிலும் மனநோய் உள்ளவரை உடல் நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. அவசரப் பிரிவும் ஆம்புலன்சும் அதில் அடக்கம். அரசு மருத்துவமனையில் மறுத்தால் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துத் தாளில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு மாத்திரையின் மருந்துப் பெயர் (கடைப் பெயர் மட்டும் போதாது), மி.கி. அளவு, நேரம், ஊசி என்றால் கடைசியாகப் போட்ட தேதியும் எந்தப் பக்கம் என்பதும், கடைசி லித்தியம் அளவு அல்லது வெள்ளணு எண்ணிக்கை, தேதியோடு, ஒவ்வாமை, மனநல மருத்துவரின் தொலைபேசி எண். கடையில் வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்து, தைலம் எல்லாவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு பிரதி அவர் சட்டைப் பையில் இருக்கட்டும், ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மருந்து மாறிய அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.